திறன் விதி எழுதுவது எப்படி: பாலாற்றங்கரைக் கற்பனை ஆட்டத்துக்கு ஒரு முழு வழிகாட்டி

மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசி, முடிவு தெரியாத இடத்தில் டைஸ் உருட்டிக் கதையை நகர்த்தும் ஆட்டம் இது. அதில் பாத்திரங்களின் திறன்களுக்கு விதி எழுதுவதுதான் இங்கே வேலை. அது முடியும்போது உங்கள் கையில் இருக்க வேண்டியது ஏ4 தாள் ஒன்று, இரண்டு பக்கம். 12 திறன்கள், டைஸ் உருட்டும் முறை, உருட்டல் தவறினால் நடப்பது, திறன் வளரும் கணக்கு எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். ஒரு கேம் மாஸ்டர் (கதையை நடத்துபவர்), 3 முதல் 5 ஆட்டக்காரர்கள், அமர்வுக்கு மூன்று மணி நேரம், எட்டுப் பத்து அமர்வு ஓடும் கதை. இதற்கு அந்த ஒரு தாள் தாராளம். தேவையான பொருட்கள்: ஆளுக்கு இரண்டு சாதா ஆறு பக்க டைஸ், 24 துண்டுச்சீட்டு, பென்சில், ரப்பர். பேனா வேண்டாம். எழுதியதில் பாதியை அழிக்கப் போகிறீர்கள்.

எடுத்துக்காட்டுக்கு வட ஆர்க்காட்டையே களமாக வைத்துக்கொள்வோம். சம்புவராயர்கள் படைவீடு என்ற ஊரிலிருந்து ஆண்ட நாட்களைப் போன்ற ஒரு காலம். அதில் பேய், மந்திரம், பேசும் நடுகல் எல்லாம் உண்டு. வேலூர்க் கோட்டையைக் களத்தில் வைத்தால், அது அவர்களுக்குப் பிறகு 16-ஆம் நூற்றாண்டில்தானே கட்டப்பட்டது என்று மேசையில் ஒருவர் கை தூக்குவார். கற்பனைக் கதைதான் என்று சமாதானம் சொல்லிவிட்டு அகழியையும், அதில் இருந்ததாகச் சொல்லப்படும் முதலைகளையும் உள்ளே கொண்டுவாருங்கள். அப்படி ஓர் அகழி பக்கத்திலேயே இருக்கும்போது விட்டுவிட மனசு வராது.

விதி எழுதுகிறவர்கள் முதலில் திறன்களைப் பட்டியல் போடுவார்கள். 30 பெயர் வரும், பார்க்க அழகாக இருக்கும், ஆட்டத்தில் ஒன்பதுதான் உருளும். பட்டியலைக் கடைசிக்குத் தள்ளுங்கள். முதலில் எழுத வேண்டியது தோல்வி.

படி 1: 24 சீட்டு

உங்கள் கதையில் உண்மையிலேயே நடக்கக்கூடிய காட்சிகளைச் சீட்டுக்கு ஒன்றாக எழுதுங்கள். ‘வீரம்’, ‘அறிவு’ என்று குணங்களை எழுத வேண்டாம். யார், எங்கே, என்ன செய்யப் பார்க்கிறார்கள் என்பதை மட்டும் எழுதுங்கள். சில மாதிரிகள்:

அமாவாசை இரவில் அகழியைக் கடந்து கோட்டைச் சுவரில் ஏறுவது. வறண்ட பாலாற்று மணலில் ஊற்றுத் தோண்டித் தண்ணீர் எடுப்பது. செங்கம் பக்கத்து நடுகல்லில் உள்ள வட்டெழுத்தை வாசிப்பது. ஜவ்வாது மலையூர் ஒன்றில் பெரியவர்களைச் சமாதானப்படுத்தி இரவு தங்க இடம் கேட்பது. கூத்து நடக்கும் ஊரில் வேடக்காரரோடு வேடக்காரராகக் கலந்து ஒப்பனைக் கொட்டகைக்குள் நுழைவது. அமிர்தி காட்டில் மாடு ஓட்டிப்போன கொள்ளையர்களைப் பின்தொடர்வது. ஆரணிப் பட்டு வியாபாரியிடம் கடனுக்குச் சரக்கு வாங்குவது.

சண்டைக் காட்சிகளை இதில் சேர்க்காதீர்கள். சண்டைக்கு விதி தனி; இரண்டையும் கலந்தால் எல்லாரும் சண்டைக்கு உதவும் திறன்களையே எடுப்பார்கள்.

படி 2: ஒவ்வொரு சீட்டின் பின்புறமும் தோல்வியை எழுதுங்கள்

அதிக நேரம் செலவழிக்க வேண்டிய இடம் இதுதான். சீட்டைத் திருப்பி, ‘இது தவறினால் நிலைமை எப்படி மாறும்?’ என்ற கேள்விக்கு ஒரு வரி பதில் எழுதுங்கள். ‘ஒன்றும் நடக்காது, மறுபடி முயற்சி செய்யலாம்’ என்பதுதான் பதில் என்றால் அந்தக் காட்சிக்கு உருட்டலே கிடையாது. நேரம் இருக்கிறதா, கருவி இருக்கிறதா, அப்படியானால் பூட்டு திறந்துவிட்டது என்று சொல்லிவிட்டு கதையை நகர்த்துங்கள்.

தோல்வி நான்கு வகையில் விலை கேட்கும்.

முதலாவது நேரம். ராத்திரிக்கு நான்கு யாமம். ஒரு யாமத்துக்கு மூன்று கட்டம் போட்டால் மொத்தம் 12 கட்டம். ஒரு கட்டம் இரண்டரை நாழிகை, அதாவது ஒரு மணி நேரம். தாளின் ஓரத்தில் 12 கட்டத்தையும் வரைந்து எல்லார் கண்ணிலும் படும்படி வையுங்கள். நேரத்தை விலையாகக் கேட்கும்போதெல்லாம் ஒரு கட்டத்தை அடிக்க வேண்டும். ஒவ்வொரு யாமம் முடியும்போதும் நடப்பதை முன்கூட்டியே எழுதி வையுங்கள்: முதல் யாமம் முடிந்தால் வாசற்கதவு சாத்தப்படும், இரண்டாவதில் காவல் மாறும், மூன்றாவதில் எதிராளி கிளம்பிவிடுவான், நான்காவதில் விடிந்துவிடும். இந்த 12 கட்டம் இல்லையென்றால் ‘நேரம் போச்சு’ என்று கேம் மாஸ்டர் சொல்வது வெறும் பேச்சு. மேசையில் யாருக்கும் உறைக்காது.

இரண்டாவது கவனம். சத்தம் கேட்டது, பந்தம் திரும்பியது, நாய் குரைத்தது. மூன்றாவது உடம்பு அல்லது பொருள்: கயிறு அறுந்தது, கணுக்கால் பிசகியது. நான்காவது கடன். உதவி செய்தவருக்கு நீங்கள் இனி ஒன்று செய்தாக வேண்டும், அல்லது ஊரில் பெயர் கெட்டது. புதிதாக விதி எழுதுகிறவர்கள் மூன்றாவதையே திரும்பத் திரும்பப் பயன்படுத்துவார்கள்; நான்காவதுதான் அடுத்த அமர்வுக்குக் கதை கொடுக்கும். 24 சீட்டில் கடன் வகை குறைந்தது ஆறு இருக்கட்டும்.

தகவல் தேடும் காட்சிகளில் ஒரு பொறி இருக்கிறது. கொள்ளையர் குகைக்கு வழி நடுகல்லில் மட்டும்தான் இருக்கிறது. ஆட்டக்காரர் உருட்டித் தவறிவிட்டார். கதை அங்கேயே நின்றுவிடும். கதை நகரத் தேவையான செய்தி தோற்றாலும் கிடைக்க வேண்டும். வென்றால் கூடுதலாக ஒன்று தெரியும், தோற்றால் விலையோடு தெரியும். உதாரணமாக: குகை இருக்கும் மலை எது என்று எப்படியும் புரிகிறது, தவறினால் வாசித்து முடிக்க இரண்டு கட்டம் போகிறது, அதற்குள் ஆடு மேய்க்கிற பையன் ஒருவன் உங்களைப் பார்த்துவிட்டு ஊருக்குள் ஓடுகிறான்.

படி 3: டைஸ்

20 பக்க டைஸில், விழுந்த எண்ணோடு திறனுக்காகக் கூட்டும் போனஸில் ஒவ்வொரு +1-க்கும் வாய்ப்பு 5 சதவீதம் கூடும். மேசையில் அது யாருக்கும் தெரியாது. +4, +5 என்று ஏற்றினால்தான் ஆட்டக்காரருக்கு உணர்வு வரும், பிறகு எண்கள் வீங்கிக்கொண்டே போகும். இரண்டு ஆறு பக்க டைஸைக் கூட்டினால் நடு எண்கள் அதிகம் விழும். 36 சேர்க்கைகளில் 7 ஆறு முறை வரும், 12 ஒரே முறை. அதனால் நடுவில் +1-க்கு மதிப்பு அதிகம், ஓரத்தில் குறைவு. சிறிய எண்களை வைத்தே ஆட்டத்தை நடத்திவிடலாம். பெட்டிக்கடை டைஸும் போதும்.

மூன்று பிரிவாக முடிவு சொல்லுங்கள். போனஸோடு சேர்த்து 10-உம் அதற்கு மேலும் முழு வெற்றி. 7 முதல் 9 வரை விலையோடு வெற்றி. 6-உம் அதற்குக் கீழும் தோல்வி. 2010-இல் வெளியான அபோகலிப்ஸ் வேர்ல்டு ஆட்டத்துக்குப் பிறகு இந்தப் பிரிவு பரவலாகப் புழங்குகிறது. கணக்கு சதவீதத்தில் இப்படி வரும்:

போனஸ் −1: முழு வெற்றி 8.3, விலையோடு 33.3, தோல்வி 58.3
போனஸ் 0: முழு வெற்றி 16.7, விலையோடு 41.7, தோல்வி 41.7
போனஸ் +1: முழு வெற்றி 27.8, விலையோடு 44.4, தோல்வி 27.8
போனஸ் +2: முழு வெற்றி 41.7, விலையோடு 41.7, தோல்வி 16.7
போனஸ் +3: முழு வெற்றி 58.3, விலையோடு 33.3, தோல்வி 8.3

நடு எண்களைப் பாருங்கள். 0 முதல் +2 வரை ‘விலையோடு’ என்பது ஐந்தில் இரண்டு பங்குக்குக் குறையவே இல்லை. அதாவது கேம் மாஸ்டர் ஓயாமல் விலை சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். படி 2-ஐ அவசரமாக முடித்தவர்கள் திணறும் இடம் இது.

+3-தான் உச்சவரம்பு. கருவி, உதவி, மந்திரம் எல்லாம் சேர்ந்தும் அதைத் தாண்டக் கூடாது. +5 வந்துவிட்டால் இரண்டு டைஸிலும் 1 விழுந்தாலும் கூட்டு 7. தோல்வி என்பதே இல்லாமல் போய்விடும். ‘வலிமை’, ‘சாமர்த்தியம்’ என்று தனியாகக் குணங்களுக்கும் எண் கொடுத்து அதைத் திறனோடு கூட்டுவது இந்த டைஸுக்கு ஆகாததற்குக் காரணமும் இதுதான்.

தாயக்கட்டையில் ஆடினால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. ஆடலாம், அழகாகவும் இருக்கும். 0, 1, 2, 3 உள்ள இரண்டு கட்டைகளில் 16 சேர்க்கைகள். இரண்டும் வெறுமையாக விழுந்தால் வழக்கம்போல 12 என்று கொள்ளுங்கள். 3-உம் மேலும் வர 68.75 சதவீதம், 4-உம் மேலும் வர 43.75, 5-உம் மேலும் வர 25. சிக்கல் என்னவென்றால் ஒரே ஒரு +1 வாய்ப்பை 25 சதவீதம் வரை தூக்கிவிடுகிறது. எனவே போனஸே இல்லாமல், ‘தெரிந்தவருக்கு 3, தெரியாதவருக்கு 5’ என்று வைத்து ஒரே இரவில் முடியும் கதைக்குப் பயன்படுத்துங்கள். வளர்ச்சி உள்ள நீண்ட கதைக்கு வேண்டாம்.

படி 4: இப்போது பட்டியல்

24 சீட்டையும் தரையில் பரப்புங்கள். ஒவ்வொன்றிலும் எந்தத் திறன் வேலை செய்யும் என்று ஓரத்தில் எழுதுங்கள், சீட்டுக்கு ஒன்றோ இரண்டோ. பிறகு எண்ணுங்கள். இரண்டு சீட்டில்கூட வராத திறனைப் பக்கத்துத் திறனோடு சேர்த்துவிடுங்கள். ஏழு சீட்டுக்கு மேல் வருவதை உடையுங்கள். நம் களத்துக்கு வரும் 12:

ஏற்றம் (நீச்சலும் இதில்தான்), ஒளிவு, கைவேலை, தடம், காடு, மருந்து, ஏடு, பேரம், மிரட்டல், முறை, வேடம், மந்திரம்.

‘பேச்சு’ என்று ஒரே திறன் வைத்தால் அதை எடுத்தவரே ஆட்டம் முழுக்கப் பேசுவார், மற்றவர்கள் போனை எடுத்துவிடுவார்கள். அதனால் எதை வைத்துப் பேசுகிறார் என்று பார்த்து உடைத்திருக்கிறோம். கொடுக்க ஏதோ இருந்தால் பேரம். பயத்தைக் காட்டினால் மிரட்டல். உறவு, மரியாதை, ஊர்க் கட்டுப்பாடு பேசினால் முறை. வேறு ஆளாகவே மாறினால் வேடம். நான்கும் நான்கு பேர் கையில் இருந்தால் ஊர்க் கூட்டத்தில் நான்கு பேருக்கும் வேலை இருக்கும்.

‘கவனித்தல்’ இந்தப் பட்டியலில் இல்லை, வேண்டுமென்றேதான். அதை வைத்தால் எல்லாரும் எடுப்பார்கள், எல்லா அறையிலும் எல்லாரும் உருட்டுவார்கள், தவறினால் நடப்பது ‘ஒன்றும் தெரியவில்லை’. படி 2-இன்படி அது உருட்டலே அல்ல. பதிலாக, தடம் +1 உள்ளவருக்கு மிதிபட்ட புல் தானாகத் தெரியும், கைவேலை +1 உள்ளவருக்குப் புதிதாக எண்ணெய் போட்ட தாழ்ப்பாள் தெரியும் என்று எழுதிவிடுங்கள். உருட்டாமலே சொல்லுங்கள்.

ஒரு எச்சரிக்கை. ஒரு திறனை எழுதும்போது அது இல்லாதவர்களிடமிருந்து எதையோ பறிக்கிறீர்கள். இந்த வகை ஆட்டங்களுக்கு முன்னோடியான டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் வெளியானது 1974-இல். திருடன் என்ற பாத்திர வகை அடுத்த ஆண்டுத் துணை நூலில் வந்தது. மனிதத் திருடனுக்கு முதல் நிலையில் பூட்டுத் திறக்க 15 சதவீதம், நிழலில் ஒளிய 10 சதவீதம். அதுவரை யார் வேண்டுமானாலும் ‘தூணுக்குப் பின்னால் ஒளிகிறேன்’ என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். அதற்கென்றே ஓர் ஆள் வந்த பிறகு மற்றவர்களால் முடியுமா என்ற கேள்வி எழுந்தது. அந்த ஆளுக்கே பத்தில் ஒன்பது முறை முடியாது. உங்கள் தாளில் பத்துத் திறன்களை எல்லாரும் 0 போனஸோடு முயலலாம் என்று வெளிப்படையாக எழுதுங்கள். ஏடு, மந்திரம் இரண்டுக்கும் மட்டும் கற்றிருக்க வேண்டும்.

படி 5: ஒவ்வொரு திறனுக்கும் ஐந்து வரி

எப்போது உருட்டுவது, 10+ (10-உம் மேலும்), 7–9, 6− (6-உம் கீழும்), எது முடியாது. இந்த ஐந்தும் எல்லாத் திறனுக்கும் வேண்டும். இரண்டு மாதிரி முழுதாக:

தடம். ஓடிப்போனவரை, வந்துபோன மிருகத்தை மண்ணைப் பார்த்துப் பின்தொடரும்போது உருட்டுங்கள். 10+: மூன்று கேள்வி கேட்கலாம். எத்தனை பேர், எவ்வளவு நேரம் ஆச்சு, சுமை இருக்கிறதா, எந்தப் பக்கம், யாருக்காவது அடிபட்டிருக்கிறதா. 7–9: ஒரு கேள்வி, அல்லது ஒரு கட்டத்தை அடித்து இரண்டு கேள்வி. 6−: ஒரு கேள்விக்குப் பதில் உண்டு, ஆனால் பின்தொடர்வது முன்னால் போகிறவருக்குத் தெரிந்துவிட்டது. ஊற்றோரத்து ஈர மணலில் +1. காய்ந்த மணல் சரிந்து மூடிவிடும் என்பதால் 0. வேலூரைச் சுற்றியுள்ள மொட்டைப் பாறைகளில் −1. முடியாதது: ஒரு மழைக்குப் பிறகு எதுவுமில்லை.

வேடம். வேறொருவராக நடித்து, சந்தேகப்பட வாய்ப்புள்ள ஒருவர் எதிரே நிற்கும்போது. 10+: நீங்களாக முரண்படும் வரை நம்புவார்கள். 7–9: நம்புகிறார்கள், ஆனால் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். இந்த யாமம் முடியும் வரைதான் தாங்கும். அல்லது அந்த வேடத்துக்குத் தெரிந்திருக்க வேண்டிய ஒன்றைச் செய்து காட்டச் சொல்கிறார்கள், கட்டியக்காரன் என்றால் இப்போதே கூட்டத்தைச் சிரிக்க வைக்க வேண்டும். 6−: ஒருவர் அடையாளம் கண்டுகொண்டார், கத்தவில்லை; தனியாகக் கூப்பிட்டு விலை பேசுகிறார். முடியாதது: பெற்ற தாயை ஏமாற்றுவது.

‘எப்போது’ வரியை ஆட்டக்காரர் பேசுகிற மாதிரி எழுத வேண்டும். மேசையில் யாரும் ‘நான் சமூகத் திறனைப் பிரயோகிக்கிறேன்’ என்று சொல்ல மாட்டார். ‘நான் அந்தக் காவக்காரன்கிட்ட போயி, இன்னாண்ணா, நம்ம ஊரு ஆளா நீயின்னு கேக்கறேன்’ என்பார். அதைக் கேட்டதும் கேம் மாஸ்டருக்கு ‘முறை’ என்று பொறி தட்ட வேண்டும். தட்டவில்லையென்றால் வரியைத் திருத்துங்கள்.

படி 6: பங்கீடு, உதவி, கூட்டம்

ஒவ்வொரு கேரக்டருக்கும் ஒரு திறன் +2, மூன்று திறன் +1, மீதி 0. மூன்று பேர் ஆடினால் 12 இடம், 12 திறன். ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆள். ஐந்து பேர் என்றால் 20 இடம், மேற்பொருந்தும். அப்போது +2 மட்டும் இருவருக்கு ஒரே திறனில் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். அது போதும்.

உதவி: ஒருவர் மட்டும், +1 மட்டும், தவறினால் விலை இருவருக்கும். கடைசிப் பகுதியை விட்டுவிட்டால் எல்லாரும் எல்லாவற்றுக்கும் உதவுவார்கள்.

நான்கு பேர் சேர்ந்து ஒளிந்து போகிறார்கள். எல்லாருக்கும் +1 என்றே வையுங்கள். தவறாமல் இருக்க ஒருவருக்கு 72.2 சதவீதம், நான்கு பேரும் தவறாமல் இருக்க 27 சதவீதம்தான். ‘எல்லாரும் உருட்டுங்கள்’ என்று சொன்ன நொடியே காவலருக்கு நீங்கள் மணி அடித்தாயிற்று. தகவல் தேடலில் இதுவே தலைகீழ்: நான்கில் ஒருவராவது தவறாமல் இருக்க 99 சதவீதத்துக்கு மேல். திருத்தம் எளிது. கூட்டமாகச் செய்வதற்கு ஒரே உருட்டல். முன்னால் போகிறவர் உருட்டுவார், ஆனால் கூட்டத்தில் ஆகக் குறைந்தவரின் போனஸோடு. அந்தக் குறைந்தவரைப் பத்திரமாகக் கூட்டிப்போக என்ன செய்கிறோம் என்று மற்றவர் சொன்னால் உதவியின் +1 சேரும்.

படி 7: வளர்ச்சி

தவறினால் அந்தத் திறனுக்கு ஒரு குறி. ஓர் அமர்வில் ஒரு திறனுக்கு ஒரே குறி. மூன்று குறி சேர்ந்தால் +1, குறிகள் அழியும். அமர்வுக்கு மூன்று முறை உருட்டும் திறன் என்றால் 0-இலிருந்து +1-க்கு சுமார் 4 அமர்வு, +2-க்கு மேலும் 5, +3-க்கு மேலும் 7 ஆகும். தேர்ந்தவர் குறைவாகத் தவறுவதால் வேகம் தானாகக் குறைகிறது; தனி அட்டவணை வேண்டாம். ‘அமர்வுக்கு ஒரே குறி’ என்பதை விட்டால் குறிக்காகவே சுவர் சுவராக ஏறுவார்கள்.

படி 8: சோதனை

முதலில் தனியாக. 24 சீட்டையும் கலைத்து, ஒவ்வொன்றாக எடுத்து, உருட்டி, முடிவை வாய்விட்டுச் சொல்லுங்கள். ஒரு மணி நேரம் ஆகும். 7–9 விழுந்து பத்து விநாடிக்குள் விலை வாயில் வரவில்லையென்றால் அந்தத் திறனின் மூன்றாவது வரி பலவீனம். அதைத் திருத்திய பிறகே ஆட்களைக் கூப்பிடுங்கள்.

பிறகு மேசையில், இரண்டு அமர்வு. ஒவ்வொரு உருட்டலுக்கும் திறன் பெயருக்கு எதிரே ஒரு கோடு. தோல்விக்குக் கோட்டின் மேல் ஒரு சுழி. ஆட்டம் முடிந்ததும் பாருங்கள். காடு 9 கோடு, மருந்து 0 என்றால் மருந்தைத் தூக்குவதற்கு முன் சண்டை விதியைப் பாருங்கள். யாருக்கும் காயமே ஆகாத சண்டை என்றால் மருந்துக்கு என்ன வேலை? மந்திரம் 12 கோடு, சுழி 1 என்றால் அதற்கு விலையே வைக்கவில்லை. ஒவ்வொரு மந்திரமும் வெற்றியிலும் ஒரு கட்டம் தின்னட்டும். ஓர் ஆட்டக்காரர் பேசுவதற்கு முன் தன் திறன்கள் எழுதிய ஷீட்டைக் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தால் உங்கள் திறன்கள் அவருக்கு மெனு அட்டையாகிவிட்டன. அடுத்த அமர்வில் ஷீட்டை வாங்கி வைத்துக்கொண்டு, எதை உருட்ட வேண்டும் என்று கேம் மாஸ்டரே சொல்லட்டும்.

இரண்டு அமர்வுக்கு நடுவே ஒரு விதியை மட்டும் மாற்றுங்கள். மாற்றியதைத் தாளின் தலைப்பில் தேதியோடு எழுதி, பழைய தாள்களைக் கிழித்துப்போடுங்கள். இல்லாவிட்டால் மேசையில் மூவர் மூன்று விதியோடு உட்கார்ந்திருப்பார்கள்.